எடை கூடிய தாய்க்குச் சிசேரியன்: முதுகு ஊசியா, எபிடூரலா, முழு மயக்கமா?

"ஏனுங்க சிஸ்டர், முதுகுல ஊசி போட்டா காலத்துக்கும் இடுப்பு வலிங்களாமா? பேசாம முழுசா மயக்கிட்டே செஞ்சிரச் சொல்லுங்களேன்."

ஈரோட்டுப் பக்கம் ஆபரேஷன் தியேட்டரில் நர்சாக நின்ற காலம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். இப்போது போனில் கேட்கிறார்கள். கேட்பவர் 60 கிலோ இருந்தால் சுருக்கமாகப் பேசி முடித்துவிடலாம். 100 கிலோவுக்குப் பக்கத்தில் இருப்பவர் கேட்கும்போது அப்படி முடிக்க மனம் வருவதில்லை. அவருக்கு எந்த மயக்கம் என்பது வசதியைப் பற்றிய விஷயம் மட்டுமில்லை. உயிர்ப் பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.

யாருக்காக இதை எழுதுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 30-க்கு மேல் உடல் பருமன், 40-க்கு மேல் தீவிர உடல் பருமன். 155 செ.மீ. உயரமும் 98 கிலோ எடையும் உள்ள பெண்ணுக்கு அது கிட்டத்தட்ட 41. பிரசவத்துக்கு வரும் நாளில் என்ன எடையோ, அதைத்தான் மயக்க டாக்டர் பார்ப்பார். எட்டாம் மாதத்தில் ஒரு பெண்ணிடம் "எடையைக் குறைத்திருக்கலாமே" என்று சொல்வதால் யாருக்கும் பயனில்லை. அந்தப் பேச்சுக்குப் பயந்தே மயக்க டாக்டரை முன்கூட்டிப் பார்க்காமல் இருந்துவிடுகிறவர்கள் உண்டு. அதுதான் எனக்கு வருத்தம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

எல்லாவற்றுக்கும் முதலில் மூச்சு. கர்ப்பிணிக்கு வயிறு மேலே தள்ளுவதால் நுரையீரலில் சேமிப்பாக இருக்கும் காற்று குறைவு. உடம்புக்கு வேண்டிய ஆக்சிஜனோ அதிகம். எடையும் கூடினால் மல்லாந்து படுத்தாலே மூச்சு முட்டும். மயக்கத்தில் மூச்சு நின்ற பிறகு மற்றவர்களுக்குச் சில நிமிஷம் தாக்குப்பிடிக்கிற ஆக்சிஜன், இவர்களுக்கு மிக வேகமாக இறங்கிவிடும். கழுத்துச் சதையாலும் தொண்டை வீக்கத்தாலும் மூச்சுக்குழாயில் டியூப் செருகுவது கடினம். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் கூடுதல். மற்ற அளவுகோல்களை எல்லாம் ஒரு தட்டில் வைத்தாலும் எனக்கு இந்த ஒன்றுதான் கனமானது.

அடுத்தது நேரம். மருந்து எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும், எவ்வளவு நேரம் நிற்கும்? எடை கூடியவர்களுக்குச் சிசேரியனே கூடுதல் நேரம் எடுக்கும். திறப்பதை விட, தையல் போட்டு மூடுவதில்தான் நேரம் போகும். மூன்றாவது, முதல் முயற்சி தவறினால் கையில் என்ன இருக்கிறது என்பது. அப்புறம் ரத்த அழுத்தம், குழந்தைக்குப் போகும் மருந்து, ஆபரேஷனுக்குப் பிறகு வலியில்லாமல் சீக்கிரம் எழுந்து நடக்க முடிவது. இந்த நடை முக்கியம். எடையும் பிரசவமும் ஆபரேஷனும் சேரும்போது கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டும் அபாயம் ஏறுகிறது. கடைசியாக, பில்லில் தெரியாத செலவுகள்.

## முதுகு ஊசி (ஸ்பைனல்)

தண்டுவட நீர் இருக்கும் பைக்குள் மெல்லிய ஊசியால் ஒரே தடவை மருந்தைச் செலுத்துவது. ஐந்து பத்து நிமிஷத்தில் மார்புக்குக் கீழே மரத்துவிடும். தாய் விழித்திருப்பார், தானாக மூச்சு விடுவார், பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்பார். குழந்தைக்குப் போகும் மருந்து மிகமிகக் குறைவு. திட்டமிட்ட சிசேரியனுக்கு, எடை கூடியவர்களுக்கும் சேர்த்து, டாக்டர்கள் முதலில் நினைப்பது இதைத்தான்.

எடை கூடும்போது சிக்கல் முதுகில் தொடங்குகிறது. விரலால் தடவி எலும்பு இடுக்கைக் கண்டுபிடிக்க வேண்டும், அது தட்டுப்படாது. வழக்கமான ஊசியின் நீளம் 9 செ.மீ., சிலருக்கு அது எட்டாது. 12 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள ஊசியை முன்கூட்டியே வாங்கி வைத்திருக்க வேண்டும். அல்ட்ராசவுண்ட் வைத்து நடுக்கோட்டையும் ஆழத்தையும் பார்த்துவிட்டுக் குத்தினால் முயற்சிகள் குறையும். நான்கைந்து முறை குத்த நேர்ந்தால் அது யாருடைய குற்றமும் இல்லை. ஆனால் அவசர நேரத்தில் அதற்கு நேரமிருக்காது.

இரண்டாவது சிக்கல், மருந்து சுமார் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம்தான் நிற்கும். முந்தைய சிசேரியனால் உள்ளே திசுக்கள் ஒட்டிக்கொண்டும் இருந்து ஆபரேஷன் இழுத்துக்கொண்டு போனால், வயிறு திறந்திருக்கும்போதே வலி தெரியத் தொடங்கலாம். அந்த நேரத்தில் முழு மயக்கத்துக்கு மாறுவதுதான் எல்லோரும் பயப்படும் நிலை. ரத்த அழுத்தம் இறங்குவது மிகச் சாதாரணமாக நடக்கும். அதற்கு உடனே மருந்து கொடுப்பார்கள், கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அழுத்தாமல் இருக்கத் தாயை இடப்பக்கம் சற்றுச் சாய்த்தும் வைப்பார்கள்.

சரி, அந்த இடுப்பு வலி? குத்திய இடம் சில நாள் வலிக்கும், உண்மைதான். முதுகு ஊசியால் வருஷக்கணக்கில் முதுகுவலி வருகிறது என்பதற்கு ஆதாரமில்லை. சுகப்பிரசவம் ஆகி ஊசியே போடாதவர்களுக்கும் அந்த வலி வருகிறது. பிள்ளை சுமந்த முதுகும் குனிந்து பால் கொடுக்கும் முதுகும் வலிக்கத்தான் செய்யும். நிஜமாகவே ஊசியால் வருவது ஒரு தலைவலி. உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும். மெல்லிய ஊசிகளில் நூறில் ஒருவருக்கு என்ற அளவில்தான் வருகிறது, சிகிச்சையும் உண்டு. வராத ஒரு வலிக்குப் பயந்து முழு மயக்கம் கேட்பது, எடை கூடிய தாய்க்கு நல்ல பேரம் இல்லை.

## குழாய் வைப்பது: எபிடூரல், ஸ்பைனலும் எபிடூரலும் சேர்த்து

எபிடூரலில் தண்டுவடப் பைக்கு வெளியே ஒரு மெல்லிய குழாயை வைத்து, வேண்டும்போதெல்லாம் மருந்து விடுவார்கள். ஆபரேஷன் இரண்டரை மணி நேரம் போனாலும் கவலை இல்லை, வலி தெரிந்தால் இன்னும் கொஞ்சம் விடலாம். ரத்த அழுத்தம் மெதுவாகத்தான் இறங்கும் என்பதால் இதய நோய் உள்ள சிலருக்கு இது பொருத்தம். ஆனால் ஆபரேஷன் செய்யும் அளவுக்கு மரத்துப் போக 15, 20 நிமிஷம் ஆகும், மரப்பும் ஸ்பைனல் அளவுக்கு அழுத்தமாக இருக்காது.

இரண்டையும் சேர்த்துச் செய்வதும் உண்டு. ஸ்பைனல் மருந்தைப் போட்டுவிட்டு அதே இடத்தில் குழாயையும் விட்டுவைப்பார்கள். மரப்பு ஸ்பைனல் வேகத்தில் வரும், நேரம் தீர்ந்தால் குழாய் இருக்கிறது. பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டி, இரண்டாவது மூன்றாவது சிசேரியனுக்கு வரும் பெண்ணுக்கு என்னைக் கேட்டால், இதைச் செய்யத் தெரிந்த கையும் அதற்கான கிட்டும் உள்ள ஆஸ்பத்திரியைத் தேடிப் போகலாம் என்பேன்.

குறைகள் இல்லாமல் இல்லை. எடை கூடியவர்களுக்குக் குழாய் முதல் தடவையே சரியாக அமையாமல் போவது அதிகம். ஒரு பக்கம் மட்டும் மரக்கும், அல்லது குழாய் நகர்ந்துவிடும். குனிந்து உட்கார்ந்திருக்கும்போது குழாயை ஒட்டிவிட்டு, நிமிர்ந்து படுத்ததும் சதை நகர்ந்து குழாயும் கூடவே நகர்வதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அனுபவமுள்ளவர்கள் தாயை நிமிர்ந்து உட்காரவோ படுக்கவோ வைத்த பிறகே பிளாஸ்டரை ஒட்டுவார்கள். பெரிய ஊசி தவறி உள்பையைக் குத்திவிடுவது நூறில் ஒருவருக்கு நடக்கலாம். அப்படி நடந்தவர்களில் பாதிக்கு மேல் கடுமையான தலைவலி வரும்.

இந்த முறை தன் முழு மதிப்பைக் காட்டுவது, சிசேரியன் முடிவாகாமல் சுகப்பிரசவத்துக்கு முயலும்போதுதான். தீவிர எடையுள்ள பெண்ணுக்கு வலி வந்ததும் சீக்கிரமே எபிடூரல் வைத்து, அது நன்றாக வேலை செய்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டால், நள்ளிரவில் குழந்தையின் நாடித்துடிப்பு இறங்கும்போது முதுகைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். அதே குழாயில் அழுத்தமான மருந்தை விட்டு ஆபரேஷனுக்குப் போகலாம். "வலியைத் தாங்கிக்குவா, எதுக்கு அதெல்லாம்" என்று சொல்லும் அம்மாயிகளிடம் இதை நான் அழுத்திச் சொல்வதுண்டு. அங்கே எபிடூரல் வலிக்காக மட்டும் வைப்பதில்லை.

## முழு மயக்கம்

இதைப் பூதமாகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. சில நேரம் இதுதான் தாயைக் காப்பாற்றும். நஞ்சுக்கொடி முன்கூட்டியே கழன்று ரத்தம் கொட்டும்போது, தொப்புள்கொடி வெளியே வந்து குழந்தைக்கு நிமிஷக்கணக்கு ஓடும்போது, முதுகு ஊசி பிடிக்காதபோது, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருக்கும்போது முழு மயக்கம் வேண்டும். பிரசவ கால ரத்த அழுத்தம் முற்றியவர்களுக்குத் தட்டணுக்கள் வேகமாக இறங்கும். 70,000-க்குக் கீழே போனால் பல மயக்க டாக்டர்கள் முதுகைத் தொடத் தயங்குவார்கள், உள்ளே ரத்தம் கட்டி நரம்பை அழுத்தும் என்ற பயம்தான். ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின் வகை ஊசி போடுகிறவர்களுக்கும் இதே காரணம். அந்த வகையைச் சேர்ந்த எனாக்சாபாரினைத் தடுப்பு அளவில் போட்டால் 12 மணி நேரமும், சிகிச்சை அளவில் போட்டால் 24 மணி நேரமும் கழித்துத்தான் முதுகு ஊசி. கடைசி ஊசி எத்தனை மணிக்குப் போட்டது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து தொடங்குவது, தாய் தூங்கி டியூப் உள்ளே போவதற்கு முன்னால் இருக்கும் அந்தச் சிறிய நேரத்தில். முழு மயக்கத்தில் நடக்கும் பிரசவ ஆபரேஷன்களில் சுமார் 400 பேரில் ஒருவருக்கு டியூப் போட முடியாமல் போகிறது. மற்ற ஆபரேஷன்களை விட இது பல மடங்கு. எடை கூடக்கூட அது இன்னும் சிரமமாகிறது.

ஆயத்தம் செய்தால் ஆபத்து பெரிதும் குறையும். தோளுக்கும் தலைக்கும் அடியில் போர்வைகளை அடுக்கி, காதின் துளையும் மார்பெலும்பின் மேல்நுனியும் ஒரே மட்டத்தில் வரும்படி உயர்த்துவார்கள். முகமூடி வைத்து ஆக்சிஜனை நன்றாக நிரப்பிக்கொள்வார்கள். தொண்டைக்குள் பார்த்து டியூப் போட உதவும், கேமரா வைத்த லாரிங்கோஸ்கோப் முதல் முயற்சியிலேயே கையில் இருக்க வேண்டும். அனுபவமுள்ள இன்னொரு மயக்க டாக்டர் கூட நிற்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த பிறகும் முழுதாக விழித்து, சொல்வதைக் கேட்டுச் செய்கிற நிலை வந்த பிறகே டியூபை எடுக்க வேண்டும். எடுத்த பிறகு மூச்சடைத்துப் போனவர்களும் உண்டு.

குழந்தைக்கும் மருந்து கொஞ்சம் போகும். பிறந்ததும் சோர்ந்திருந்து, சில நிமிஷம் மூச்சுக்கு உதவி தேவைப்படலாம். குழந்தை டாக்டர் பக்கத்தில் இருந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடுவார்கள். மறைந்திருக்கும் செலவும் இங்கேதான் அதிகம்: இரண்டாவது மயக்க டாக்டர், ஒரு நாள் ஐ.சி.யூ., முதுகு வழி வலி மருந்து இல்லாததால் கூடுதலான வலி ஊசிகள். வலியும் தூக்கக் கலக்கமும் சேர்ந்து எழுந்து நடப்பதைத் தள்ளிப்போடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முதுகு ஊசி | எபிடூரல் | இரண்டும் சேர்த்து | முழு மயக்கம் |
|---|---|---|---|---|
| மூச்சுப் பாதுகாப்பு | தாயே மூச்சு விடுவார் | தாயே மூச்சு விடுவார் | தாயே மூச்சு விடுவார் | டியூப் தேவை, எடை கூடினால் கடினம் |
| பிடிக்கும் நேரம் | 5–10 நிமிஷம் | 15–20 நிமிஷம், குழாய் வைக்கும் நேரம் தனி | ஸ்பைனல் போலத்தான், செய்ய நேரமாகும் | மிக வேகம் |
| எவ்வளவு நேரம் நிற்கும் | ஒன்றரை–இரண்டு மணி | வேண்டும் மட்டும் | வேண்டும் மட்டும் | வேண்டும் மட்டும் |
| தவறினால் | மறுபடி ஊசி அல்லது முழு மயக்கம் | குழாயை மாற்றி வைக்கலாம், நேரம் வேண்டும் | குழாய் கைகொடுக்கும் | மூச்சுக்கே நெருக்கடி |
| ரத்த அழுத்தம் | சட்டென்று இறங்கும் | மெதுவாக இறங்கும் | இறங்கும் | டியூப் போடும்போது ஏறலாம் |
| குழந்தைக்கு மருந்து | மிகக் குறைவு | குறைவு | குறைவு | கொஞ்சம் போகும் |
| யாருக்குப் பொருத்தம் | திட்டமிட்ட முதல் சிசேரியன் | வலி எடுத்துச் சுகப்பிரசவம் முயல்கிறவர் | நீளும் ஆபரேஷன், மறு சிசேரியன், அதிக பி.எம்.ஐ. | நிமிஷ அவசரம், பெரும் ரத்தப்போக்கு, தட்டணு குறைவு |

## எந்த ஊசி என்பதற்கு முன்னால், எந்த ஆஸ்பத்திரி

உண்மையில் முடிவு இங்கேதான் இருக்கிறது. அட்டவணையில் உள்ள நாலும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை.

நம் பக்கம் காங்கேயம், தாராபுரம், கோபி, அந்தியூர் போன்ற ஊர்களின் சிறிய நர்சிங் ஹோம்களில் பெரும்பாலும் மயக்க டாக்டர் அங்கேயே தங்கியிருப்பதில்லை. கூப்பிட்டால் வருவார். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு அது போதும், பலருக்கு அங்கே நல்லபடியாகவே பிரசவம் நடக்கிறது. தெரிந்த டாக்டர், வீட்டுச் சாப்பாடு, சொந்தக்காரர் வந்துபோக வசதி எல்லாம் உண்மையான நன்மைகள்தான். ஆனால் பி.எம்.ஐ. 40-ஐத் தாண்டிய பெண்ணுக்கு இரவு இரண்டு மணிக்கு வலி வந்து குழந்தை நெருக்கடியில் இருந்தால், அந்த ஒரு மயக்க டாக்டர் அப்போது வேறொரு ஆஸ்பத்திரி ஆபரேஷனில் நிற்கலாம். வந்தாலும் நீள ஊசி இருக்கிறதா, கேமரா லாரிங்கோஸ்கோப் இருக்கிறதா, ஐ.சி.யூ. படுக்கை இருக்கிறதா? ஆபரேஷன் டேபிள் எத்தனை கிலோ தாங்கும் என்று கூட முன்கூட்டிக் கேட்க வேண்டும். டேபிள் அகலம் போதாமல் இருபக்கமும் பலகை சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். கையில் சுற்றும் பி.பி. பட்டை சின்னதாக இருந்தால் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும்.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் இரவும் பகலும் மயக்க மருத்துவத் துறை இயங்கும், ரத்த வங்கியும் குழந்தைகள் பிரிவும் அங்கேயே இருக்கும். கூட்டம் அதிகம், காத்திருப்பு அதிகம், உடன் ஒருவர்தான் இருக்க முடியும். பெரிய தனியார் மருத்துவமனையில் காத்திருப்பு குறைவு, பில் பெரிது. சின்ன இடத்தில் பில் குறைவு போலத் தெரியும். மயக்க டாக்டர் ஃபீஸ் தனி, பாதியில் ஆம்புலன்ஸில் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினால் இரண்டு இடத்துச் செலவு. இதில் பணத்தை விட, வழியில் போகும் நேரம்தான் விலை அதிகம்.

மலையில் இருப்பவர்கள் இன்னும் முந்திக்கொள்ள வேண்டும். தாளவாடியிலிருந்து சத்தியமங்கலம் வர திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவு, வால்பாறையிலிருந்து ஆழியாறு இறங்க 40. 108 வண்டி எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த வளைவுகளை வேகமாக எடுக்க முடியாது. தேதிக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னாலேயே கீழே வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது.

அப்புறம் தாய்வீட்டு விஷயம். திருப்பூரில் வாழ்கிற பெண், வளைகாப்பு முடிந்து வெள்ளகோயிலுக்கோ கொடுமுடிக்கோ அம்மா வீட்டுக்குப் போவாள். பிக்மி எண்ணும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) ஸ்கேன் ரிப்போர்ட்டும் கூடவே போகும். மயக்க டாக்டரைப் பார்த்திருந்தால் அவர் எழுதிய தாள் மட்டும் பழைய ஆஸ்பத்திரி ஃபைலில் தங்கிவிடும். அதைக் கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய பிரசவத்தில் ஊசி எத்தனை முறை தவறியது, டியூப் போடச் சிரமப்பட்டார்களா என்பது அடுத்த டாக்டருக்குப் பெரிய துணை.

## நல்ல நேரம் பார்ப்பவர்களுக்கு

ஜோசியரிடம் நேரம் குறித்துச் சிசேரியன் வைப்பது நம் பக்கம் சகஜம். அந்த நம்பிக்கையில் நான் தலையிட மாட்டேன். ஒன்று மட்டும் கேட்பேன்: குறித்த நேரம் அதிகாலை நாலரையோ ஞாயிற்றுக்கிழமையோ என்றால், வேறொரு நாள் பகல் நேரத்தில் நல்ல நேரம் இருக்கிறதா என்று ஜோசியரிடம் கேளுங்கள். எடை கூடிய தாய்க்கு மூத்த மயக்க டாக்டரும் உதவிக்கு இன்னொருவரும் முழு ஆட்களும் இருக்கும் வேலை நாள் காலைதான் பாதுகாப்பு. முந்தின இரவு டாக்டர் சொன்ன நேரத்துக்குப் பிறகு இட்லி, பால், எதுவும் வேண்டாம். பொதுவாக ஆபரேஷனுக்கு முன் விட வேண்டிய இடைவெளி, திட உணவுக்கு 6 மணி நேரம், கொழுப்பான சாப்பாடு என்றால் 8, வெறும் தண்ணீருக்கு 2. "பசியோட கெடக்கறாளே" என்று பாசத்தில் கொடுக்கும் ஒரு டம்ளர் பால், மயக்கத்தில் நுரையீரலுக்குள் போகலாம்.

## மயக்க டாக்டரிடம் என்ன பேசுவது

எட்டாம் மாதத்துக்குள் ஒரு முறை அவரைப் பார்த்துவிடுங்கள். மகப்பேறு டாக்டர் தானாகச் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அவர் வாயைத் திறக்கச் சொல்வார், கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பார், முதுகைத் தடவிப் பார்ப்பார். கூச்சப்பட வேண்டாம். குறட்டை விடுவதைச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழிப்பதை வீட்டுக்காரர்தான் பார்த்திருப்பார், அவரையும் கூட்டிப் போங்கள். சர்க்கரை, பி.பி., இதயம், எல்லா மாத்திரைகளும், போடும் ஊசிகளும் சொல்லுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் மட்டும் சாப்பிட்டால் பொதுவாக முதுகு ஊசிக்குத் தடையில்லை, ஆனாலும் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது: "எனக்கு எந்த முறை நினைக்கிறீங்க? அது பிடிக்கலைன்னா அடுத்தது என்ன? நான் ராத்திரி வலியோட வந்தா யார் இருப்பாங்க?" மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில், பி.எம்.ஐ. 40-க்கு மேல் உள்ள என் தங்கையை நான் சேர்க்க மாட்டேன்.

பிள்ளை பிறந்த அன்றைய இரவுக்கும் ஆள் ஏற்பாடு செய்யுங்கள். முதுகு வழி மார்ஃபின் என்ற வலி மருந்து கொடுத்திருந்தால், அதிலும் குறட்டைக்காரருக்கு, மூச்சு மந்தமாகலாம். விரலில் ஆக்சிஜன் மீட்டர் மாட்டி, தலைப்பக்கம் உயர்த்திப் படுக்க வைத்துக் கவனிக்க வேண்டும். வீட்டில் சிபாப் மெஷின் (தூக்கத்தில் மூச்சு அடைக்காமல் முகமூடி வழியே காற்றுத் தள்ளும் கருவி) வைத்திருப்பவர்கள் அதைப் பையில் எடுத்துக்கொண்டு வாருங்கள். ரத்தக்கட்டைத் தடுக்கும் ஊசி எடைக்குத் தகுந்த அளவில் போடுகிறார்களா என்று கேளுங்கள். கால் மரப்பு போனதும் நர்ஸ் துணையோடு எழுந்து நில்லுங்கள். பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் "படுத்துக்க அம்மிணி" என்றுதான் சொல்வார்கள். நீங்கள் நாலு எட்டு நடந்துவிட்டு வந்து படுங்கள்.